லண்டனின் பழைய பப்: எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்று கேளுங்கள்

நீங்கள் கேட்டது இது: நவம்பரில் அலுவலக வேலையாக லண்டன் வருகிறீர்கள், மனைவியும் உடன் வருகிறார். உங்களுக்கு எப்போதாவது ஒரு பீர் உண்டு. அவர் மது தொடுவதில்லை, சைவம் வேறு. ஊரின் நடுவே ஒரு பழைய பப்பில் ஒரு வேளை சாப்பிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். எங்கே போவது, உள்ளே எப்படி நடந்துகொள்வது?

சுருக்கமான பதில்: செவ்வாய் அல்லது புதன், மதியம் இரண்டு மணி, ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் 'யி ஓல்ட் செஷயர் சீஸ்'. கடையை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள், நேரத்தை மாற்றாதீர்கள். இதே கடைக்கு வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போனால் நீங்கள் பார்க்கப்போவது கோட்டு போட்டவர்களின் முதுகுகளைத்தான். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது பழகிப்போனதால், லண்டன் அலுவலகக் கூட்டம் இப்போது வியாழன் மாலையே பப்புகளில் குவிந்துவிடுகிறது. தோளோடு தோள் இடித்து நின்றபடி கத்திப் பேச வேண்டியிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு அப்படியில்லை. சாப்பாட்டுக் கூட்டம் எழுந்து போய்க்கொண்டிருக்கும், நல்ல மூலை காலியாகும். நவம்பரில் நாலே கால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் வெளிச்சம் மங்கி விளக்குகள் உயிர்பெறுவதை உள்ளேயிருந்தே பார்க்கலாம். பழைய பப்புக்கு அதைவிட நல்ல பொழுது கிடையாது.

வார இறுதியை ஏன் சொல்லவில்லை என்றால், 'சிட்டி' எனப்படும் பழைய வணிகப் பகுதியில் குடியிருப்பவர்கள் மிகக் குறைவு. சனி, ஞாயிறுகளில் அங்கே பல பப்புகள் பூட்டிக்கிடக்கும். எதற்கும் அன்று காலை கடையின் இணையதளத்தில் நேரத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். சமையலறைக்கு என்று தனி நேரம் உண்டு. பார் திறந்திருக்கும், அடுப்பு அணைந்திருக்கும்.

செஷயர் சீஸுக்கு வாசல் பெரிய சாலையில் இல்லை. பக்கத்துச் சந்துக்குள் நுழைய வேண்டும், அந்தச் சந்தின் பெயர் வைன் ஆபீஸ் கோர்ட். வாசலில் ஒரு பலகை. இந்தக் கட்டடம் எழும்பியதிலிருந்து எத்தனை மன்னர்கள், ராணிகள் ஆண்டார்கள் என்று வரிசையாகப் பெயர்கள் எழுதியிருக்கும். 1666 செப்டம்பரில் லண்டன் பெருந்தீயில் இங்கே இருந்த கடை எரிந்துபோனது. மறு வருடம் 1667இல் திரும்பக் கட்டினார்கள். உள்ளே கரிபிடித்த மரப்பலகைச் சுவர்கள், தாழ்ந்த கூரை, கணப்பு, கிழக்கு மேற்கு தெரியாமல் பிரியும் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறை வாசலில் 'இங்கே ஆண்களுக்கு மட்டுமே பரிமாறப்படும்' என்ற பழைய வாசகம் இன்னும் இருக்கிறது. அது வெறும் காட்சிப்பொருள்தான், உங்கள் மனைவி தாராளமாக உள்ளே வரலாம். பாலி என்று ஒரு கிளி இங்கே வெகு காலம் இருந்தது. கெட்ட வார்த்தை பேசுவதில் பெயர்பெற்ற கிளி. 1926இல் அது செத்தபோது பல நாட்டுச் செய்தித்தாள்கள் இரங்கல் செய்தி போட்டன.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் இங்கேதான் எப்போதும் உட்கார்ந்திருப்பார் என்று சொல்வார்கள். அவர் வீடு இரண்டு நிமிட நடையில், கஃப் ஸ்கொயரில் இருக்கிறது, அது உண்மை. 1755இல் வெளிவந்த அகராதியின் பெரும்பகுதி அந்த வீட்டு மாடியில்தான் உருவானது. ஆனால் ஜான்சன் எங்கே தின்றார், யாரோடு சண்டை போட்டார் என்றெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிவைத்த பாஸ்வெல் இந்தக் கடையின் பெயரை எங்குமே சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாளாவது வராமலா இருந்திருப்பார் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். வீடு இப்போது அருங்காட்சியகம். வாசலுக்கு எதிரே அவருடைய பூனை ஹாட்ஜுக்கு ஒரு சிலை உண்டு. தடித்த அகராதியின் மேல் உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் தின்று முடித்த சிப்பி ஓடுகள். பப்புக்குள் நுழைவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

'மிகப் பழைய பப்' என்று லண்டனில் குறைந்தது அரை டஜன் கடைகளாவது மார்தட்டும். நான் பார்த்த வரையில் இதில் பொய் குறைவு, குழப்பம்தான் அதிகம். இடத்தின் வயது ஒன்று, மது விற்ற உரிமத்தின் வயது ஒன்று, இப்போது நிற்கும் கட்டடத்தின் வயது ஒன்று. மூன்றில் எது பெரிய எண்ணோ அதைப் பலகையில் எழுதிக்கொள்வார்கள். ஹாட்டன் கார்டன் நகைக்கடைத் தெருவிலிருந்து பிரியும் ஓர் இடுக்குச் சந்தில் 'யி ஓல்ட் மைட்டர்' இருக்கிறது. பலகையில் 1546 என்று போட்டிருக்கும். ஈலி பிஷப்பின் வேலையாட்களுக்காக அந்த ஆண்டு கடை தொடங்கியது சரிதான், ஆனால் நீங்கள் சாய்ந்து நிற்கும் சுவர் பதினெட்டாம் நூற்றாண்டுடையது. அப்புறம் இந்த 'யி' சமாச்சாரம். 'தி' என்ற பொருளில் அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் 'த்' ஒலிக்கு 'தோர்ன்' என்று ஓர் எழுத்து இருந்தது. பின்னாளில் அதன் வடிவம் 'ஒய்' எழுத்தைப் போலவே ஆகிவிட்டது, அச்சுக்காரர்களும் 'ஒய்' எழுத்தையே போட்டார்கள். அதை இன்று எல்லோரும் 'யி' என்று வாசிக்கிறார்கள். எழுதியவர்கள் மனதில் இருந்தது சாதாரண 'தி' தான்.

சந்து, இருட்டு எல்லாம் வேண்டாம், விசாலமாக வேண்டும் என்றால் ஆற்றுக்குத் தெற்கே, லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடத்தில் 'தி ஜார்ஜ்'. குதிரை வண்டிகள் வந்து தங்கிப்போன சத்திரம் இது. முற்றத்தைப் பார்த்தபடி மரத்தாலான திறந்த மாடி நடைகள் இருக்கும். இப்படி மாடி நடையோடு லண்டனில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். சவுத்வார்க்கில் 1676இல் பெரும் தீ பரவியதற்குப் பிறகு 1677இல் கட்டியது. அதனால் 1616இல் இறந்த ஷேக்ஸ்பியர் இந்த மாடியில் நின்று குடித்திருக்க வழியில்லை, யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். முன்பு முற்றத்தின் மூன்று பக்கமும் கட்டடம் இருந்தது. 1889இல் ரயில் கம்பெனி கிடங்கு கட்டுவதற்காக மற்றதை இடித்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவைத்தது. அந்த மிச்சம் 1937 முதல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில் இருக்கிறது. வெயில் அடித்தால் முற்றத்தில் உட்காரலாம். நவம்பரில் அந்த ஆசை வேண்டாம்.

என் மனதுக்குப் பிடித்தது எது என்று கேட்டால், வயதில் இவற்றைவிட மிகச் சின்னதான 'தி பிளாக் ஃப்ரையர்'. பிளாக்ஃப்ரையர்ஸ் ஸ்டேஷனுக்கு எதிரே, கேக் துண்டு மாதிரி முக்கோணமாக நிற்கும். கட்டடம் 1875இல் வந்தது. 1905 முதல் ஃபுல்லர் கிளார்க் என்ற கட்டடக் கலைஞரும் ஹென்றி பூல் என்ற சிற்பியும் சேர்ந்து அதன் உள்ளை மாற்றினார்கள். அந்த இடத்தில் ஒரு காலத்தில் டொமினிக்கன் துறவிகளின் மடம் இருந்ததால் பளிங்கும் செம்பும் மொசைக்குமாக எங்கு பார்த்தாலும் தொந்தி வைத்த துறவிகள். மீன் பிடிக்கிறார்கள், பழம் பறிக்கிறார்கள், பாடுகிறார்கள். பின்னால் ஒரு குகை மாதிரி அறை, அதன் சுவரில் 'ஞானம் அரிது', 'அவசரமே தாமதம்', 'பகட்டு மடமை' என்கிற பொருளில் வாசகங்கள். மதுக்கடைச் சுவரில் இப்படி உபதேசம் செய்யும் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1960களில் இதை இடிக்கப் பார்த்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலானவர்கள் கொடிபிடித்துக் காப்பாற்றினார்கள். இங்கிருந்து செஷயர் சீஸுக்குப் பத்து நிமிட நடைதான், இரண்டையும் ஒரே மதியத்தில் பார்க்கலாம். இன்னும் தெம்பிருந்தால் ஹைஹோல்பர்னில் 'பிரின்சஸ் லூயிஸ்'. வட்டமான பாரைச் சுற்றிச் செதுக்கிய மரமும் கண்ணாடியும் வைத்துத் தடுத்த அறைகள். எந்த வர்க்கத்து ஆள் எந்த வர்க்கத்து ஆளோடு நின்று குடிப்பது என்பது விக்டோரியா காலத்தில் பெரிய கவலையாக இருந்தது. அதற்கான ஏற்பாடுதான் இந்த அழகெல்லாம்.

இனி உள்ளே போன பிறகு. நான் வந்த புதிதில் ஒரு பப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் எனக் காத்திருந்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. யாரும் வரவில்லை, வரவும் மாட்டார்கள். பப்பில் எழுந்து போய் கவுண்டரில் கேட்டு, அங்கேயே காசு கொடுத்து, கிளாஸை நாமேதான் ஏந்திவர வேண்டும். சாப்பாட்டையும் அங்கேதான் சொல்ல வேண்டும். மேஜையில் ஒரு எண் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள், தட்டு மட்டும் மேஜைக்கு வரும். ஒருவர் இடத்தைப் பிடித்து உட்கார, மற்றவர் கவுண்டருக்குப் போவதுதான் வசதி.

எதற்கெடுத்தாலும் வரிசை கட்டும் ஆங்கிலேயர்கள் பாரில் மட்டும் வரிசை கட்டுவதில்லை. கவுண்டர் நெடுகப் பரவி நிற்பார்கள். ஆனால் யாருக்கு முன் யார் வந்தார் என்ற கணக்கு எல்லோர் மனதிலும் இருக்கும். பார்க்காரர் தவறிப்போய் உங்களிடம் முதலில் வந்தால் 'இவர் எனக்கு முன்னால்' என்று பக்கத்து ஆளைக் காட்டுங்கள். அந்த ஒரு கையசைப்பில் உங்களுக்கு அங்கே மரியாதை கூடும். விரல் சொடுக்குவது, நோட்டை ஆட்டுவது, கூப்பிடுவது எதுவும் கூடாது. கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். பாரில் பரிமாறும் அம்மாள் உங்களை 'லவ்' என்று கூப்பிட்டால் பதற வேண்டாம், 'தம்பி' என்பது மாதிரிதான் அது. கவுண்டரில் டிப்ஸ் தரும் வழக்கம் இல்லை. மேஜைக்கே வந்து பரிமாறும் பகுதியில் உட்கார்ந்தால் பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து வரலாம், அப்போது பில்லை ஒரு தடவை பாருங்கள்.

உங்கள் பீருக்கு வருவோம். கவுண்டரில் சின்னக் குழாய்களும் உயரமான கைப்பிடிகளும் இருக்கும். குழாய்களில் வருவது வாயு நிரப்பிய லாகர், கின்னஸ் வகையறா. அவை ஊரெல்லாம் ஒரே மாதிரிதான். பழைய பப்புக்கு வந்தவர் கேட்க வேண்டியது அந்த உயரக் கைப்பிடியில் வருவதை. அதற்குக் காஸ்க் ஏல் என்று பெயர். வடிகட்டிக் கொல்லாத பீர் இது. நிலவறையில் பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடிருந்து புளித்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வாயு ஏற்றாமல், கைப்பம்பால் இழுத்தே ஊற்றுவார்கள். பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் புளித்துக் கெட்டுவிடும். ஆகவே காஸ்க் ஏலில் பாதி ருசி ஆலையில், மீதி ருசி அந்தப் பப்பின் நிலவறையைப் பார்த்துக்கொள்பவர் கையில். 1970களில் இந்த வகை அழிந்தே போயிருக்கும். 1971இல் குடிப்பவர்களே 'காம்ரா' என்று ஓர் இயக்கம் தொடங்கிப் போராடியதில்தான் பிழைத்தது.

'இங்கிலாந்தில் வெதுவெதுப்பான பீர் தருவார்கள்' என்று உங்களை யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். சூடெல்லாம் இல்லை. நிலவறைக் குளிர்ச்சி, பதினொன்றிலிருந்து பதின்மூன்று டிகிரி. பானைத் தண்ணீரைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் பல் கூசாது. நாக்கு மரத்துப்போகாததால் ருசி தெரிகிறது. முதல் தடவை குடிப்பவருக்குத் தட்டையாக, கொஞ்சம் கஷாயம் போலத் தோன்றும், அதை மறைக்க விரும்பவில்லை. எனவே ஒரு பைன்ட் கேட்காதீர்கள். அது 568 மில்லி. 'ஹாஃப்' கேளுங்கள். பகல் வேளையில் ஹாஃப் கேட்பதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. எது பிடிக்கும் என்று தெரியவில்லையா, கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று கேளுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் குட்டிக் கிளாஸில் ஊற்றித் தருவார்கள், அதற்குக் காசில்லை. 'பிட்டர்' என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், அதிகக் கசப்பு இருக்காது. 'போர்ட்டர்' என்றொரு கறுப்பு பீர் இருந்தால் எடுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் மூட்டை தூக்கிய கூலியாட்கள் விரும்பிக் குடித்ததால் அவர்கள் பெயரே அதற்கு வந்தது. மத்திய லண்டனில் ஒரு பைன்ட் ஆறு ஏழு பவுண்டு ஆகிவிடுகிறது.

செஷயர் சீஸ், பிரின்சஸ் லூயிஸ் இரண்டும் சாமுவேல் ஸ்மித் என்ற யார்க்ஷயர் ஆலைக்குச் சொந்தமானவை. அந்த ஆலை 1758இல் தொடங்கியது. தங்கள் பப்புகளில் தங்கள் தயாரிப்பை மட்டுமே விற்பார்கள், கின்னஸ் கேட்டால் கிடைக்காது. பாட்டு கிடையாது, டிவி கிடையாது. 2019இல் கைபேசி, லேப்டாப்புக்கும் தடை என்று அறிவித்தார்கள். விசித்திரமான கட்டுப்பாடுதான், ஆனால் அங்கே இருக்கும் அந்த முணுமுணுப்புச் சத்தம், கணப்பில் கரி வெடிக்கும் ஓசை எல்லாம் காதில் விழுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். படம் எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

உங்கள் மனைவிக்கு. குடிக்காதவர் பப்பில் இருப்பதில் யாருக்கும் எந்த ஆச்சரியமும் இல்லை. லெமனேட், ஜிஞ்சர் பீர், காபி, ஆல்கஹால் இல்லாத பீர் என்று ஏதாவது எல்லாக் கடையிலும் இருக்கும். ஜிஞ்சர் பீரில் பெரும்பாலும் ஆல்கஹால் இல்லை, ஆனால் ஆல்கஹால் உள்ள ஜிஞ்சர் பீரும் விற்கிறார்கள், அதனால் கேட்டுக்கொள்ளவும். சைடர் என்றால் இங்கே பழரசம் என்று நினைத்துவிடக் கூடாது, அது ஆப்பிள் மது. லண்டனில் பலர் இதில் ஏமாந்து பார்த்திருக்கிறேன்.

சைவச் சாப்பாட்டில் கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தான் ஆபத்து. சிப்ஸ் உருளைக்கிழங்குதானே என்று எடுப்போம், சில சமையலறைகளில் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். யார்க்ஷயர் புட்டிங் என்பது மாவும் முட்டையும் பாலும்தான், அதையும் அதே கொழுப்பில் வேகவைப்பது உண்டு. கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறு. மெனுவில் சைவ அடையாளம் இருக்கும் பண்டத்தை எடுத்து, 'சிப்ஸ் எதில் பொரிக்கிறீர்கள்' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், தயங்காமல் பதில் சொல்வார்கள். முட்டையும் சாப்பிடமாட்டார் என்றால் வீகன் குறியிட்டதையே பாருங்கள். காளான் 'பை' (மாவுக்குள் பொதிந்து சுட்ட பண்டம்), காய்கறி பை, சூப், வேகவைத்த உருளைக்கிழங்கு இப்படி ஒன்றிரண்டு தேறும். நீங்கள் அசைவம், ஆனால் மாடு சாப்பிடமாட்டீர்கள் என்றால் 'ஸ்டேக்' என்று தொடங்கும் எல்லாப் பையையும் தாண்டிப் போய் மீன் சிப்ஸ் அல்லது கோழிப் பைக்கு வாருங்கள். கவுண்டரில் பாக்கெட்டில் தொங்கும் மொறுமொறு 'ஸ்கிராட்சிங்ஸ்' பன்றித் தோல்.

அந்தக் காஸ்க் ஏலிலேயே ஒரு சங்கதி இருக்கிறது. பீரைத் தெளியவைக்கப் பல ஆலைகள் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்க்கின்றன. அது அடியில் படிந்துவிடும், ஆனாலும் கண்டிப்பான சைவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கடைகளுக்குச் சாப்பாட்டுக்காக மட்டும் போகச் சொல்லமாட்டேன். லண்டனில் ருசிக்கு வேறு ஆயிரம் இடம் உண்டு. பை நன்றாகவே இருக்கும், மழை நாளில் கணப்பருகே ரொம்பவே நன்றாக இருக்கும். அவ்வளவோடு எதிர்பார்ப்பை நிறுத்திக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் ரோஸ்ட், அதாவது அடுப்பில் வாட்டிய இறைச்சிச் சாப்பாடு, சாப்பிட ஆசையென்றால் அது குடியிருப்புப் பகுதிப் பப்புகளின் வேலை. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், மூன்று நான்கு மணிக்குத் தீர்ந்துவிடும்.

ஆபீஸ்காரர்கள் மாலையில் உங்களைப் பப்புக்கு இழுத்தால் 'ரவுண்டு' முறை தெரிந்திருக்க வேண்டும். அவரவர் குடித்ததற்கு அவரவர் கொடுப்பதில்லை, ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். மூன்று பேர் வாங்கித் தந்து குடித்துவிட்டு உங்கள் முறை வரும்போது ஓட்டலுக்குக் கிளம்பினால் வாய்விட்டு யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் மறக்கவும் மாட்டார்கள். அளவாகக் குடிப்பவருக்கு நல்ல வழி, முதல் ரவுண்டை நீங்களே வாங்கிவிடுவது. அப்புறம் எலுமிச்சை சோடாவோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் கடன் இல்லை.

இரவு இருந்தால் ஒரு மணிச்சத்தம் கேட்கும், பல கடைகளில் பதினொன்றை ஒட்டி. கடைசி ஆர்டர் என்று அர்த்தம். இரண்டாவது மணிக்குப் பிறகு விற்பனை இல்லை, கையிலிருப்பதைக் குடித்து முடிக்க இருபது நிமிடம் தரும் வழக்கம். முதல் உலகப்போரில் ஆயுதத் தொழிற்சாலைக்கு ஆட்கள் போதையில் வராமலிருக்க நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். மதியம் சில மணி நேரம் கடையை மூட வேண்டும் என்ற விதி அப்போது வந்து 1988 வரை நீடித்தது. உங்களுக்கு நான் சொன்ன அந்த மதிய நேரம் முன்பெல்லாம் கிடைக்காத நேரம்.

இன்னொன்று, கழிப்பறை பெரும்பாலும் கீழே, குறுகலான செங்குத்துப் படியில். முழங்கால் வலி இருந்தால் முன்னமே மனதில் வையுங்கள். பிள்ளைகள் கூட வருகிறார்களென்றால் கடைக்குக் கடை விதி வேறு, வாசலிலேயே கேட்டுவிடுங்கள். கிளம்பும்போது காலிக் கிளாஸ்களைக் கவுண்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போங்கள். கட்டாயமில்லை, வழக்கமாக வருபவர்கள் செய்வார்கள். பார்க்காரர் 'சியர்ஸ்' என்பார். கிளாஸைத் தேடாதீர்கள், லண்டனில் அதற்கு நன்றி என்றும் பொருள்.